இரண்டாவது தபால்

கோதைக்கு அரக்கு உருக்கத் தெரியும். இதைப் பெரிய வித்தை என்று யாரும் சொல்லமாட்டார்கள். மெழுகுவத்தியில் காட்டினால் எந்த அரக்கும் உருகத்தான் செய்யும். ஆனால் மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் உருகினால் மட்டும் போதாது. சூடு கூடினால் அரக்கு கறுத்துப் புகை பிடித்துக்கொள்ளும், முத்திரையின் எழுத்து தெரியாது. சூடு குறைந்தால் நூலோடு ஒட்டாமல், தபால் பையில் நாலு இடி பட்டதும் பொடிந்து உதிர்ந்துவிடும். பித்தளை முத்திரையை முன்பே ஈரத்துணியில் ஒற்றிக்கொள்ள வேண்டும். வைத்து அழுத்தினால் மனசுக்குள் பத்து எண்ணிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஒன்பதில் எடுத்தால் ஓரம் கிளம்பிவரும்.

இதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் சித்தூர் அலுவலகத்தில் ஒப்பந்த அட்டெண்டராகச் சேர்ந்தபோது அவள் வேலை டீ வாங்கி வருவதும் பீரோ துடைப்பதும்தான். மாதிரி கட்டுகிற ஆள் ஓய்வு பெற்றுப் போனதும் அந்த வேலையைத் தொட ஒருவரும் முன்வரவில்லை. கை சுடும், துணியில் சொட்டினால் போகாது. கோதை எடுத்துக்கொண்டாள். மதிய நேரங்களில் பழைய தீர்ப்பு நகல்களை எடுத்து வைத்துக்கொண்டு படித்தாள். தெலுங்கில் பத்தாவது வரை படித்தவள். ஆங்கிலத்தில் இருந்ததை டைப்பிஸ்டிடம் கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டாள். அப்படித்தான் சீட்டு விஷயம் அவளுக்குப் பிடிபட்டது.

கடையில் எடுத்த மருந்து மாதிரி, பரிசோதனைக் கூடத்துக்குப் பதிவுத் தபாலில் போகும். அதன் மேல் ஆய்வாளரின் அரக்கு முத்திரை இருக்கும். வழியில் யாராவது பிரித்து, மாற்றி, வேறு முத்திரை போட்டிருந்தால்? அங்கே இருப்பவர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காக, அதே முத்திரையை ஒரு சீட்டில் பதித்து அதையும் அனுப்புவார்கள். ஆனால் அதே பொட்டலத்துக்குள் வைக்கக்கூடாது. தனி உறையில், தனித் தபாலில் போக வேண்டும். பொட்டலத்தைப் பிரிக்கிறவன் உள்ளே இருக்கிற சீட்டையும் மாற்றிவிடலாம் அல்லவா? எங்கோ ஒரு மாவட்டத்தில் எவரோ ஓர் அட்டெண்டர் இரண்டையும் ஒன்றாக வைத்துக் கட்டிவிட, மருந்து போலி என்று தெரிந்தும் வழக்கு நிற்காமல் போயிருந்தது. அந்தத் தீர்ப்பின் அந்தப் பக்கத்தைக் கோதை மூலை மடித்து வைத்திருந்தாள். அவள் கைப்பட அலுவலகத்திலிருந்து ஒற்றைத் தபால் போனதே இல்லை. எப்போதும் இரண்டு. இரண்டு ரசீது.

அப்போதெல்லாம் சித்தூரில் அண்ணன் கோவர்த்தனன் வீட்டில் இருந்தாள். புத்தூர் பக்கத்துக் கிராமத்தில் அப்பா அம்மா போன பிறகு அவள் வந்து சேர்ந்த இடம் அது. பெண் பார்க்க வந்தவர்கள் சொஜ்ஜி பஜ்ஜி தின்றுவிட்டு, "பொண்ணு கொஞ்சம் தாட்டியா கீது" என்று சொல்லி அனுப்பினார்கள். நாலைந்து முறை அப்படி ஆனபின் யாரும் வரவில்லை. அண்ணிக்கு அவள் மேல் விரோதம் ஒன்றும் கிடையாது. சாப்பாட்டு நேரத்தில் மட்டும், "கோதைக்கு ரெண்டு தோசை போதும், டயட்டுல கீது" என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பாள். கோதையும் சிரிப்பாள். அடுப்படியை ஒழுங்குபடுத்தும்போது மூன்றாவது தோசையை நின்றபடி தின்பாள்.

மாவட்டத்தைப் பிரித்தபோது அலுவலகத்தையும் பிரித்தார்கள். கோதை திருப்பதிக்கு வந்தாள். திருச்சானூரில் லாட்ஜுகளுக்குப் பின்னால் ஒரு தெருவில் மாடி அறை. ஜன்னலைத் திறந்தால் லாட்ஜின் துவைத்த படுக்கை விரிப்புகள் வரிசையாகக் காயும். கீழே வருகிறவர்கள் எல்லோரும் ஒரு நாள் தங்குகிற ஆட்கள். இன்று பார்த்த முகம் நாளைக்கு இருக்காது. காலையில் ஷேர் ஆட்டோ, சாயங்காலம் ஷேர் ஆட்டோ. ஆட்டோக்காரன் பின்சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்துவிட்டு, கோதையைப் பார்த்ததும், "இது ரெண்டு சீட்டும்மா" என்று முன்னால் ஏறச் சொல்வான். அண்ணன் முதலில் வாரத்துக்கு ஒரு முறை போன் செய்தான். பிறகு மாதத்துக்கு ஒரு முறை. "எப்ப வர்றே?" என்று கேட்பான், பதிலுக்குக் காத்திருக்கமாட்டான்.

ஒரு வருடம் இப்படிப் போனது. அப்புறம் பிரமிளா வந்தாள்.

கோயில் குளத்துக்குப் போகும் தெருவில் பிரமிளாவின் ஃபேன்சி ஸ்டோர். வளையல், பொட்டு, முகத்துக்குப் பூசுகிற கிரீம்கள். வாசலில் எடை பார்க்கிற மெஷின். ஒருநாள் கோதை யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து அதன்மேல் ஏறினாள்.

"ஒரு காலக் கீழ வச்சிகினு நிக்கிறியேக்கா, அது பாதி ஆளுக்குத்தானே கணக்கு காட்டும்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கோதை இறங்கிவிடப் பார்த்தாள். "எறங்காத, எறங்காத. நானும் அப்பிடித்தான் நிப்பேன்," என்று சொல்லிக்கொண்டு பிரமிளா வெளியே வந்தாள். உயரம் குறைவு. கன்னம் இரண்டும் உப்பி, கண்ணைச் சிரிப்பு மூடிவிடுகிற முகம். நகரிப் பக்கத்துக்காரி. புருஷன் கோகுலகிருஷ்ணன் குவைத்தில் டிரைவர். போய் மூன்று வருடம். வைகாசிக் கடைசியில் வருகிறான்.

"அந்தாளு போறப்ப நான் ஐம்பத்தெட்டு கிலோ. இப்ப வந்து பாத்துட்டு, வேற ஊட்டுக்கு வந்துட்டம் போலன்னு திரும்பிப் போய்ட்டா?"

அன்று மாலை இருவரும் குளத்தைச் சுற்றி நடந்தார்கள். மறுநாளும் நடந்தார்கள். ஐந்து சுற்று என்பது கணக்கு. மூன்றாவது சுற்றில் பிரமிளாவுக்கு மூச்சு வாங்கும், நாலாவதில் கோதைக்கு. வெள்ளிக்கிழமைதோறும் இருவரும் எடை பார்த்தார்கள். கடைச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் பிரமிளா தெலுங்கில் எழுதிவைப்பாள். 'கோதை 92' என்பது முதல் வெள்ளிக்கிழமை. தன் பேரை இன்னொருவர் சுவரில் பார்ப்பது கோதைக்கு அதுதான் முதல் முறை.

நடந்துகொண்டே கோதை தன் வேலையைப் பற்றிச் சொன்னாள். அதைக் கேட்க இதுவரை ஆள் இருந்ததில்லை. அரக்கின் பதம், பத்து எண்ணுவது, தனித் தபால், ஒன்றாகக் கட்டியதால் விழுந்த வழக்கு எல்லாம் சொன்னாள். பிரமிளா நடுவழியில் நின்று சிரித்தாள்.

"ஒரு சீட்டு எங்க கீதுன்றதுக்கா ஒருத்தன் தப்பிச்சான்? நல்ல கவர்மெண்டுக்கா உன் கவர்மெண்டு!"

தை மாதம் பிரமிளா கடையில் ஒரு புதுச் சரக்கு வந்தது. பச்சை மூடி போட்ட டப்பா, உள்ளே அறுபது காப்ஸ்யூல். சென்னையிலிருந்து ஒருவன் கொண்டுவந்து போடுகிறான். அவள் முதலில் தானே தின்று பார்த்தாள். ஒரு மாதத்தில் ஐந்து கிலோ இறங்கியது. கடைக்கு வருகிறவர்களிடம் தன் பழைய போட்டோவைக் காட்டிவிட்டு, எழுந்து நின்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவாள். டப்பா நன்றாகப் போயிற்று. கோதையிடம் காசு வாங்கமாட்டாள். தன் சொந்த டப்பாவிலிருந்து கொட்டி, பொட்டு வைக்கிற சின்ன ஜிப் கவரில் போட்டுக் கொடுப்பாள்.

லேபிள் இல்லாத ஒரு மாத்திரை அலுவலகத்துக்கு வந்தால் கோதை அதைத் தொடக்கூடமாட்டாள். தயாரித்தது யார், தேதி என்ன, லைசென்ஸ் எண் என்ன என்று மூன்று முறை படித்துவிட்டுத்தான் நூலை எடுப்பாள். பிரமிளா கொடுத்த கவரில் ஓர் எழுத்தும் இல்லை. அவள் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று விழுங்கினாள். டப்பாக்கள் எதிரே அலமாரியில் வரிசையாகத்தான் இருந்தன. எடுத்துத் திருப்பிப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

எண்பத்துநாலுக்கு வந்தாள். பசி போய்விட்டது. நாக்கு எப்போதும் காய்ந்து கிடந்தது. தூக்கம் வரவில்லை, தனி அறையில் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஆட்டோக்காரன் இப்போது அவளைப் பின்சீட்டில் உட்கார வைத்தான்.

பங்குனி வெயிலில் ஒருநாள் மருந்து ஆய்வாளர் கேசவன், "அரக்கு பையி எடுத்துக்கோ அம்மா," என்றார். சித்தூர் டவுனில் பிறந்து தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிற மனிதர். எந்தக் கடைக்குப் போகிறோம் என்பதை முன்கூட்டி யாரிடமும் சொல்லமாட்டார். வண்டியில் ஏறிய பிறகுதான் டிரைவரிடம், "திருச்சானூரு" என்றார். வழியில் விஷயத்தைச் சொன்னார். ஏர்பேட்டில் காலேஜுக்குப் போகிற ஒரு பெண் இளைப்பதற்கு மாத்திரை தின்று, நெஞ்சு படபடவென்று அடித்து, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். அப்பன் டப்பாவோடு வந்து புகார் எழுதிக் கொடுத்திருக்கிறான். இப்போது தேவலை.

லாட்ஜை ஒட்டி மருந்துக்கடைகள் இரண்டு உண்டு. அதில் எது என்று கோதை யோசித்துக்கொண்டிருந்தாள். வண்டி இரண்டையும் தாண்டிப் போய் எடை மெஷினுக்கு முன்னால் நின்றது.

பிரமிளா முதலில் கோதையைத்தான் பார்த்தாள். "இன்னாக்கா இந்நேரத்துல..." என்று எழுந்தவள், பின்னால் வந்த ஆளையும் அவர் கையிலிருந்த காகிதங்களையும் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். அப்புறம் அந்த ஒரு மணி நேரமும் கோதையைத் தெரியாதவள் போலவே இருந்தாள்.

"இது சாப்பாடா, மருந்தா? செப்பு," என்றார் கேசவன், ஒரு டப்பாவைக் கையில் எடுத்து.

"அப்ரூவல் நம்பர் கீது சார். இத பாருங்க, பதினாலு எண்ணு."

"இது ஃபுட் லைசென்ஸ் நம்பரும்மா. அப்பளத்துக்கும் இதே மாதிரி நம்பர் உண்டு. அப்பளம் துன்னா முப்பது நாள்ல கொழுப்பு கரையும்னு எவனாச்சும் எழுதறானா? கரைக்கும்னு எழுதிட்டா அது மருந்து. மருந்துன்னா அத யாரு சோதிச்சா, யாரு அனுமதி குடுத்தா? அந்த நம்பர் எங்க?"

"வெளிநாட்டுல மெடிக்கல் ஷாப்புல டாக்டர் சீட்டு இல்லாமயே குடுக்கறாங்களாம் சார். எங்க ஊட்டுக்காரரு சொன்னாரு."

"குடுக்கறாங்க. சோதிச்சுப் பாத்து, இவ்ளோதான் துன்னலாம், இன்னார் துன்னக்கூடாதுன்னு எழுதி, அப்புறம் குடுக்கறாங்க. இதுல எங்க எழுதியிருக்குது?"

கோதை அப்போதுதான் லேபிளை முதல் முறையாகப் படித்தாள். இலைப் படம், இடுப்பைச் சுற்றிய இஞ்சு டேப் படம், உணவு லைசென்ஸ் எண். உள்ளே என்ன இருக்கிறது என்ற இடத்தில் 'மூலிகைச் சாறுகள்' என்று மட்டும். மூன்று முறை படித்தாள். வேறு ஒன்றும் இல்லை.

மெழுகுவத்தி ஏற்றினாள். நாலு கட்டாகக் கட்டினாள். ஒவ்வொன்றிலும் பிரமிளா கையெழுத்துப் போட்ட தாள் சுற்றி, நூல் சுற்றி, முடிச்சின் மேல் அரக்கைச் சொட்டவிட்டாள். கேசவன் முத்திரையை வைத்து அழுத்த, கோதை பத்து எண்ணினாள். அந்நேரம் முழுக்க கேசவன் சுவரிலிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ தேதி தேடுகிறவர் மாதிரி.

நாலு கட்டில் ஒன்று கடைக்காரருக்கு உரியது. அதைக் கொடுக்கும்போது சொல்ல வேண்டிய வாசகம் ஒன்று உண்டு. கோதை சொன்னாள்: "இந்தக் கட்டு உங்களுது. பிரிக்கக்கூடாது. கேட்டா அப்பிடியே காட்டணும்." பிரமிளாவை அவள் 'நீங்க' என்றது அன்றுதான். பிரமிளா வாங்கிக்கொண்டு, பக்கத்திலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

மிச்ச டப்பாக்களை இருபது நாளைக்கு விற்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பிரமிளா மாடியேறி வந்தாள். கையில் அந்தக் கட்டும் தண்ணீர் பாட்டிலும். ஒரே நாற்காலி. அதில் அவளை உட்காரச் சொல்லிவிட்டுக் கோதை கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நீ வர்றேன்னு ஒரு போன் அடிச்சிருக்கக்கூடாதா?"

"எனுக்கே தெரியாது பிரமிளா. வண்டி நின்னப்பதான் தெரியும்."

"சரி, உடு." பாட்டிலிலிருந்து குடித்தாள். "இதுல ஒண்ணும் இருக்காதுக்கா. நீயும் துன்னவதானே? எட்டு கிலோ எறங்கினியே, செத்தா பூட்டே?"

"நாக்கு வறளுது. தூக்கம் போச்சு. உனுக்கு?"

"தூங்கி இன்னா கிழிக்கப் போறேன்."

"எத்தினி துன்றே இப்ப?"

பிரமிளா ஜன்னல் பக்கம் பார்த்தாள். "மூணு. சில நாளு நாலு. ரெண்டு மாசந்தான் கீது அந்தாளு வர. இன்னும் ஆறு கிலோ எறங்கணும்."

"நிறுத்திடு."

"நிறுத்தினா ஏறிடும்க்கா. நடுவுல ஒரு வாரம் நிறுத்திப் பாத்தேன், ரெண்டு கிலோ ஏறிச்சு." பேசிக்கொண்டே கையிலிருந்த கட்டின் அரக்கை நகத்தால் தடவினாள். "நீ சொன்னியே, அந்தச் சீட்டு. ரெண்டையும் ஒண்ணா வச்சிக் கட்டினா கேசு நிக்காதுன்னு. நீ மறந்துட்டேன்னு வச்சிக்கோயேன். யாரு உன்னியப் போயி சந்தேகப்படப் போறாங்க? பதினோரு வருசமா மறக்காதவ நீ."

கோதை எழுந்து விளக்கைப் போட்டாள்.

"இருபது நாளு கழிச்சி டப்பாவெல்லாம் வித்துட்டு, அந்தாளு வந்ததும் நானே நிறுத்திடறேன். ஆணையா." எழுந்து வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு திரும்பினாள். "நாளைக்கி வா. ஆறு சுத்து சுத்தலாம்."

மறுநாள் காலை கேசவனுக்குச் சித்தூர் கோர்ட்டில் வேலை இருந்தது. அவசரமாக வந்து காகிதங்களில் கையெழுத்துப் போட்டார். கோதை மாதிரிக் கட்டைத் துணியில் வைத்து, விவரத் தாளை மடித்து மேலே வைத்து, அந்த மடிப்புக்குள் முத்திரைச் சீட்டையும் செருகித் தைத்துவிட்டாள். கேசவன் தையலின் மேல் முத்திரை வைத்தார். அவள் பத்து எண்ணினாள். அவர் முத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தபால் அலுவலகத்தில் பதிவுத் தபால் கவுன்டர் முனிகிருஷ்ணனுடையது. திருத்தணிக்காரர், தினமும் ரயிலில் வந்து போகிறவர். கோதையைப் பார்த்ததும் இரண்டு ஸ்டிக்கர்களை உரித்துவிடுவார். ஒன்றைப் பொட்டலத்தில் ஒட்டுவார், இன்னொன்றை இடது கை விரல் நுனியில் ஒட்டி வைத்துக்கொள்வார். அன்றும் பொட்டலத்தைத் தராசில் வைத்துவிட்டு, விரலை நீட்டிக்கொண்டு இருந்தார்.

"ரெண்டாவது எங்கம்மா?"

"இன்னிக்கி ஒண்ணுதான் சார்."

"ஒண்ணா? ரூல்ஸ் எதனா மாத்திட்டாங்களா உங்க ஆபீஸ்ல?" ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்ட முடியவில்லை. அது விரலிலேயே இருந்தது. அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு விசயம் கேக்கணும்னு இருந்தேன். தப்பா எடுத்துக்காதீங்க. நல்லா எளச்சிட்டீங்க. எங்க ஊட்டுல அவளும் படாதபாடு படறா, படி ஏறினா மூச்சு வாங்குது, முட்டி வலிக்குதுன்றா. நீங்க இன்னா துன்றீங்க? மாத்திரை எதனா இருந்தா பேரு எழுதிக் குடுங்களேன். நீங்க மருந்து ஆபீசு, தெரியாமயா துன்னுவீங்க?"

சொல்லிக்கொண்டே ஒரு பேனாவையும் பழைய படிவம் ஒன்றையும் கம்பி இடைவெளி வழியாக அவள் பக்கம் தள்ளினார். இருவருக்கும் நடுவில் தராசின் மேல் பொட்டலம் இருந்தது. அரக்கு சிவப்பாக, எழுத்து சுத்தமாக விழுந்திருந்தது. அவள் செய்ததிலேயே நல்ல முத்திரைகளில் அது ஒன்று.

கோதை பேனாவை எடுத்தாள். கீழே வைத்தாள். பின்னால் வரிசையில் நின்றவர் இருமினார்.

"உங்க ஊட்டுல மாத்திரை ஒண்ணும் துன்ன வேணாம்னு சொல்லுங்க சார்," என்றாள். "அந்தப் பாக்கட்டைக் குடுத்துடுங்க. அதுல ஒண்ணு தப்பா வச்சிட்டேன்."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். நெஞ்சு அடித்துக்கொண்டது. இது மாத்திரையாலா, செய்த காரியத்தாலா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கைப்பையிலிருந்து ஜிப் கவரை எடுத்துப் பார்த்தாள். பதினோரு காப்ஸ்யூல் இருந்தது. கேசவனுக்குப் போன் செய்தாள்.

"சார், சீட்டை உள்ளயே வச்சி தச்சிட்டேன். பிரிச்சி மறுபடி கட்டணும். முத்திரை உங்ககிட்ட கீது."

அந்தப் பக்கம் கோர்ட்டு வராண்டாவின் இரைச்சலுக்கு மேல் அவள் குரலை உயர்த்தினாள்.

"அந்தக் கடைக்காரம்மா எனுக்குத் தெரிஞ்சவங்க சார்."

"தெலுசும்மா. காலண்டர்ல உன் பேரு போட்டு எடை எழுதியிருக்குது. ஒரு ஊர்ல எத்தனை கோதை இருப்பாங்க?" குரலைத் தாழ்த்தினார். "நீயும் துன்னியா அதை?"

"துன்னேன் சார்."

"முதல்ல டாக்டரைப் பாரு. பொட்டலம் பீரோல வை. நாளைக்குக் கட்டலாம்." அப்புறம், வைக்கப்போகிறவர் மாதிரி இருந்து மறுபடி கேட்டார்: "அரக்கு இருக்குதா, வாங்கி வரணுமா?"

"கீது சார்."

சாயங்காலம் கோதை கடைக்குப் போனாள். பிரமிளா நடப்பதற்குத் தயாராக, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். கோதை படியேறாமல் தெருவில் நின்றே சொன்னாள்.

"ரெண்டாத்தான் போகும் பிரமிளா."

பிரமிளாவுக்குப் புரிய ஒரு கணம்கூட ஆகவில்லை. முகம் மாறவில்லை. "அப்பிடியா," என்றாள். "சரி." இழுத்துச் செருகியிருந்த புடவையை அவிழ்த்துவிட்டாள்.

"நீ துன்றத நிறுத்து. ரிப்போர்ட்டு வர்ற வரைக்குமாவது. நான் நிறுத்திட்டேன்."

"உனுக்கு நிறுத்தலாம். உனுக்கு யாரு வரப் போறாங்க?"

அதைச் சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் திடுக்கிட்ட மாதிரி தெரிந்தது. பாட்டிலைத் தேடி உள்ளே போனாள். அன்று வெள்ளிக்கிழமை. கோதை பழக்கத்தில் எடை மெஷினை நோக்கி ஒரு காலை எடுத்து வைத்தாள்.

"அதுல ஏறாத," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "பேட்டரி தீந்துபோச்சி."

மெஷினில் சிவப்பு எண் சைபர் காட்டி எரிந்துகொண்டிருந்தது. கோதை காலை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் இரண்டு தபால் போயின. இரண்டு ரசீதையும் கோதை கோப்பில் ஒட்டினாள். முனிகிருஷ்ணன் மாத்திரையைப் பற்றி மறுபடி கேட்கவில்லை.

அதற்குப் பிறகு சில நாள் தனியாகக் குளத்தைச் சுற்றினாள். மூன்றாவது சுற்றில் நின்று பின்னால் பார்க்கிற பழக்கம் போகவில்லை. அங்கே மூச்சு வாங்கிக்கொண்டு யாரும் வரவில்லை. பிறகு நடப்பதை விட்டுவிட்டாள். அலுவலகம் விட்டதும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சும்மா சுற்றிவிட்டு, தாமதமாகத் திருச்சானூர் போய், கடைத் தெருவைத் தவிர்த்து லாட்ஜுச் சந்து வழியாக அறைக்குப் போவாள். பசி திரும்ப வந்தது. தூக்கமும் வந்தது. ஒரு மாதத்தில், பஸ் ஸ்டாண்டு மெஷினில், எண்பத்தொன்பது. ஆட்டோக்காரன் மறுபடி முன்சீட்டைக் காட்டினான். அண்ணன் போன் செய்து, "எப்ப வர்றே?" என்றபோது, "இந்த வாரம் வரட்டா?" என்றாள். "இந்த வாரம் உன் அண்ணியோட அம்மா ஊட்டு ஆளுங்க வர்றாங்க. அடுத்த மாசம் பாக்கலாம்," என்றான்.

நாற்பத்துமூன்றாம் நாள் அறிக்கை வந்தது. காப்ஸ்யூலுக்குள் மூலிகைச் சாறு ஒன்றும் பெரிதாக இல்லை. இதயத்தைக் கெடுக்கிறது என்று பல வருடத்துக்கு முன்பே தடை செய்த பழைய மருந்து ஒன்றை அரைத்துக் கலந்திருந்தார்கள். கேசவன் இரண்டு முறை படித்தார். "தயாரிச்சவனத் தேடணும். அந்தம்மா வாங்கின பில்லு காட்டினாங்க, சென்னைக்காரன் பேரும் குடுத்தாங்க. சாட்சியா வருவாங்க," என்றார். "ரிப்போர்ட்டு காப்பி ஒண்ணு அவங்களுக்குப் போகணும்."

"தபால்ல அனுப்பட்டா சார்?"

அவர் அவளைப் பார்த்தார். "தபால்லயே அனுப்பு."

உறையின் மேல் பிரமிளாவின் பெயரையும், கடையின் பெயரையும், தெருவையும் கோதை எழுதினாள். பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு கிடந்தது. அதை எடுத்து, 'இனிமேலாவது துன்னாத' என்று எழுதினாள். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். அலுவலக உறைக்குள் அறிக்கை நகலைத் தவிர வேறு காகிதம் போகக்கூடாது. சீட்டை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு உறையை ஒட்டினாள்.

நகல் போய்ச் சேர்ந்த ரசீது வந்தது. அதில் பிரமிளாவின் கையெழுத்து இருந்தது. மற்றபடி ஒரு செய்தியும் இல்லை. தின்கிறாளா, நிறுத்தினாளா என்பது எந்தக் கோப்பிலும் வருகிற விஷயமில்லை.

ஆனி மாதம் ஒரு சாயங்காலம் கோதை சந்து வழியைவிட்டுக் கடைத் தெரு வழியாக நடந்தாள். எதிர்ச்சாரியில் ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்தில், ஆட்டோவுக்குக் காத்திருக்கிறவர்களோடு கலந்து நின்றுகொண்டாள். அவளுக்குப் போக வேண்டிய இடம் எதுவும் இல்லை. அங்கிருந்து ஃபேன்சி ஸ்டோர் நன்றாகத் தெரிந்தது.

வாசலில் ஸ்டூல் போட்டு ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். கோகுலகிருஷ்ணனாகத்தான் இருக்க வேண்டும். சட்டைப் பொத்தான்கள் இழுத்துக்கொண்டு நிற்கிற பெரிய தொப்பை. மடியில் பொட்டலம் பிரித்து மிக்சர் தின்றுகொண்டிருந்தார். உள்ளே பிரமிளா. கன்னம் பழையபடி உப்பியிருந்தது. அலமாரியில் பச்சை மூடிகள் இருந்த இடத்தில் இப்போது ரிப்பன் பெட்டிகள்.

ஒரு அம்மாளும் இரண்டு பெண்களும் வளையல் பார்க்க வந்தார்கள். பிரமிளா ஒவ்வொரு டஜனாக எடுத்துக் காட்டினாள். அளவு சரியில்லை என்றார்கள், வேறு எடுத்தாள். நிறம் பிடிக்கவில்லை என்றார்கள், வேறு எடுத்தாள். பேசிக்கொண்டே இருந்தாள், அங்கிருந்து கேட்கவில்லை. நடுவில் சிரித்தாள், கண் மூடிக்கொண்டது. கோதை அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, ஏர்றியா இல்லியா?" என்றான் ஆட்டோக்காரன். கோதை தலையாட்டி அவனைப் போகச் சொன்னாள். அடுத்த ஆட்டோவும் போயிற்று.

பெண்கள் கடைசியில் ஒன்றும் வாங்காமல் கிளம்பினார்கள். ஸ்டூலில் இருந்தவர் ஏதோ சொன்னார். பிரமிளா பதிலுக்கு நீளமாக ஏதோ திட்டிக்கொண்டே வளையல்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தாள். தண்ணீர் பாட்டில் மேஜையின் மறு கோடியில், கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. அத்தனை நேரம் பேசியும், நாக்கு வறண்டவள்போல ஒரு முறைகூட அவள் அதன் பக்கம் கையை நீட்டவில்லை.

கோதை இன்னும் கொஞ்ச நேரம் நின்று, அதை நிச்சயப்படுத்திக்கொண்டாள். பிறகு அறைக்குத் திரும்பினாள்.